தீர்ப்பைத் தமிழாக்கிய திருமகன்

குருவிகுளத்துக் கரிசல் காட்டிலே ஓர் ஏழை உழவன். பங்காளியோடு வரப்புத் தகராறு. சங்கரன்கோவில் நீதிமன்றத்திலே தன் வழக்கைத் தாய்மொழியில் சொல்ல முடிகிறது அவனால். வழக்கு மேல்முறையீடாகி மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் ஏறினால்? நிலம் அவனுடையது, வியர்வை அவனுடையது, வழக்கும் அவனுடையது. வாதமும் தீர்ப்பும் மட்டும் ஆங்கிலத்திலே! வென்றானா, வீழ்ந்தானா என்பதையே வக்கீல் வாய் திறந்து சொன்னால்தான் அறிவான்!

இந்த அவலத்தை ஆங்கிலேயர் ஆண்ட காலத்திலேயே கண்டு கொதித்தார் ஒருவர். கொடி பிடித்தவரல்லர், கூட்டம் கூட்டியவருமல்லர். வெள்ளையர் அரசு தந்த நீதிபதி நாற்காலியிலே அமர்ந்திருந்தவர்! அவர்தாம் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலைத் தந்த தகைமையாளர்.

சங்கரன்கோவில் வழியாகச் செல்லும் செங்கோட்டை இரயில், காவிரிக்கரை மயிலாடுதுறையிலே போய் நிற்கிறது. 1982 வரை மாயூரம் என்று வழங்கிய அந்த ஊரின் மண்ணிலேதான் அவர் துயில்கிறார். நாவலாசிரியரின் கல்லறை என்று கேட்டதும் கற்பனை வளத்தை எண்ணுவோர் உண்டு. நமக்கோ, அங்கே உறங்குகிற நீதியுள்ளம் நினைவுக்கு வருகிறது.

1826-ஆம் ஆண்டு, திருச்சிச் சீமையைச் சேர்ந்த குளத்தூரிலே கிறித்தவக் குடும்பத்திலே பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் கற்றார். திருச்சி நீதிமன்றத்திலே ஆவணக் காப்பாளர் வேலை, பிறகு மொழிபெயர்ப்பாளர் வேலை. நாள்தோறும் என்ன கண்டார்? ஏட்டிலே ஒரு மொழி. ஏழையின் நாவிலே இன்னொரு மொழி! இரண்டுக்கும் இடையே இருந்த பள்ளத்தை எழுதுகோலால் நிரப்பும் பணியே அவர் பெற்ற பயிற்சி.

1857-இல் முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று ஊர் ஊராக நீதி வழங்கினார். பதவி வந்ததும் மமதை வரும், பழசு மறக்கும் என்பார்களே, இவருக்கு மறக்கவில்லை. 1805 முதல் 1861 வரை உயர்ந்த நீதிமன்றங்கள் வழங்கிய தீர்ப்புகளின் சாரத்தைத் திரட்டினார், தமிழாக்கினார், நூலாக்கினார். யாரும் ஏவவில்லை. சட்டத்தை வக்கீலின் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல், வழக்காடும் மனிதனின் கைக்கே கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவரை ஏவியது!

1872-இல் பதவியை விட்டார். பணி ஓய்ந்தது, பரிவு ஓயவில்லை. 1876-லே தொடங்கியது கொடும் பஞ்சம். 1878 வரை தென்னாடே சுடுகாடாயிற்று; மடிந்தவர் பல இலட்சம். அந்த நாளிலே தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார் வேதநாயகர். பசித்து வந்தவனிடம் சாதி கேட்கவில்லை, சமயம் கேட்கவில்லை. நந்தன் கதையைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், சிவனைப் பாடிய தம் வாயால் இந்தக் கிறித்தவரைப் பாடினார். மாற்று மதத்தவரின் மனம் திறந்தது எதனால்? வயிற்றுக்கு இட்ட கஞ்சியால்!

பெண் படித்தால் பேதலித்துப் போவாள் என்று பெரியவர்கள் பேசிய காலம் அது. 1869-லேயே 'பெண்மதி மாலை' எழுதி, பெண்ணுக்குக் கல்வி வேண்டும் என்றார் அவர். பத்து ஆண்டு கழித்து, 1879-இல், 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது. அந்தக் கதையிலே அறிவால் ஓங்கி நிற்பவன் கதைத் தலைவன் அல்லன். அவன் மனைவி ஞானாம்பாள்! ஆணுடை தரித்து அரியணை ஏறி, நாடாளுகிறாள் அவள். வாக்குச்சீட்டு ஆணுக்கே எட்டாக் கனியாக இருந்த நாளிலே, பெண்ணின் தலையிலே முடி சூட்டிப் பார்த்தது ஒரு தமிழனின் பேனா!

அதே கதையின் ஊடே இன்னொரு சாட்டையும் சுழல்கிறது. நீதிபதியும் தமிழர், வக்கீலும் தமிழர், கட்சிக்காரனும் தமிழன். ஆங்கிலத்திலே வாதம் ஏன் என்று இடித்துரைக்கிறார். முன்சீப்பாகக் கண்டதை நாவலாசிரியராகச் சொன்னார். 1887-இல் 'சுகுண சுந்தரி' என்ற மற்றொரு நாவலும் தந்து, 1889 சூலை 21-ஆம் நாள் மாயூரத்திலே கண் மூடினார்.

அவர் கேட்ட கேள்வி கண் மூடவில்லை, தோழர்களே! 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1976-இல் திருத்தம் வந்தது. கீழமை நீதிமன்றங்களின் கதவு தமிழுக்குத் திறந்தது. உயர்நீதிமன்றக் கதவைத் திறக்கச் சொல்லி 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. திறந்தார்களா? இல்லை! இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களின் உயர்நீதிமன்றங்களிலே இந்திக்கு இடமிருக்கிறது. இந்திக்கு அகலத் திறந்த கதவு, தமிழுக்கு மட்டும் தாழிடப்படுவானேன்? சட்டச் சொற்கள் தமிழில் இல்லை என்று சாக்குச் சொல்லுவார்க்கு நாம் காட்ட வேண்டிய சான்று, அந்தக் காலத்திலேயே தனியொரு மனிதர் தமிழாக்கித் தந்த தீர்ப்புத் திரட்டு!

மயிலாடுதுறைப் பக்கம் போகும் தோழர்கள் அந்தக் கல்லறைக்குச் செல்லுங்கள். மாலை வைப்பதோடு மனநிறைவு கொண்டு திரும்பிவிடாதீர்கள். ஊர் திரும்பியதும், படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கு வந்த நீதிமன்ற அறிவிப்பைப் படித்துச் சொல்லுங்கள். மனு எழுதிக் கொடுங்கள். உயர்நீதிமன்றத்திலே தமிழ் ஒலிக்கும் வரை கேட்டுக்கொண்டே இருங்கள். முன்சீப் தொடங்கி வைத்த வழக்கு அது. தீர்ப்பு இன்னும் வரவில்லை!