ஒரு மார்க் கேள்விக்குள்ள ஒளிஞ்சிருந்த பறவைக்காரர்

காங்கிரஸை நிறுவியவர் யார்னு கேட்டா, பள்ளிக்கூடத்துல ஒரு மார்க்குக்கு மனப்பாடம் பண்ண பேரு சட்டுனு வரும்: ஆலன் ஆக்டேவியன் ஹியூம். அந்த ஒரு வரிக்கு மேல அவரைப் பத்தி நமக்கு யாரும் சொல்லல. ஆனா அந்தமான் காட்டுல வாழுற ஒரு குட்டிப் பறவைக்கு அறிவியல் பெயர் வச்சவரும் இதே ஆள்தான்.

1829-ல பிறந்தார். அப்பா ஜோசப் ஹியூம் பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல இருந்த சீர்திருத்தவாதி. மகன் 1849-ல இந்தியாவுக்கு வேலைக்கு வந்து, வடக்கே எட்டாவா மாவட்டத்தில் அதிகாரி ஆனார். 1857-க்குள்ள அங்கே 181 பள்ளிகள், 5186 மாணவர்கள். அந்த வருஷமே கிளர்ச்சி வெடிச்சு, ஆக்ரா கோட்டைக்குத் தப்பிப் போக வேண்டியதாச்சு.

வேலை அரசாங்கத்துக்கு, மனசு பறவைக்கு. இந்தியாவின் பறவைகள் அத்தனையையும் ஒரே பெரிய நூலில் எழுதிடணும்ங்கிறதுதான் அவர் கனவு. அதுக்காக 1872-ல 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்', அதாவது உதிர்ந்த இறகுகள்னு ஒரு பத்திரிகை தொடங்கினார். நாடு முழுக்க இருந்த ஆர்வலர்கள் குறிப்பு அனுப்புவாங்க. இவர் திருத்திப் போடுவார். அந்தக் காலத்து க்ரவுட் சோர்ஸிங்!

1873-ல ஸ்டோலிச்கா, வாலன்டைன் பால் மாதிரியான அறிவியலாளர்களோட அந்தமான், நிக்கோபார் தீவுகளுக்குக் கப்பல் ஏறினார். அந்த வருஷமே தன் பத்திரிகையில் சில புது இனங்களை அறிவிச்சார். நார்கொண்டம் என்ற ஒரே ஒரு தீவில் மட்டும் வாழும் இருவாச்சி அதில் ஒண்ணு. இன்னொண்ணு அந்தமான் பூங்கொத்தி. சுமார் 8 செ.மீ. நீளம்தான், மேலே பாசிப் பச்சை, வயிறு மஞ்சள். அந்தமான் தீவுகளைத் தவிர உலகத்தில் வேற எங்கேயும் கிடையாது.

நம்ம குளத்தூர் பக்கம் மாமரக் கிளையில் புல்லுருவி படர்ந்து பார்த்திருப்பீங்க. அதோட பிசுபிசுப்பான பழத்தைத் தின்னுட்டு, விதையைக் கிளைக்குக் கிளை ஒட்டிட்டுப் போறது பூங்கொத்திதான். நம்ம ஊர் இனத்துக்கு அந்தமான்காரர் சொந்தக்காரர். நடுவுல கடல் இருந்ததால தனி வழியில் மாறிட்டார். ஆனாலும் ரொம்ப காலம் அதை வேறொரு பூங்கொத்தியின் கிளையினமாத்தான் பட்டியலில் வச்சிருந்தாங்க. பிறகுதான் தனி இனம்னு ஏத்துக்கிட்டாங்க. ஹியூம் சொன்னதுதான் நின்னுச்சு.

ஒண்ணு சொல்லியாகணும். இந்த ஆராய்ச்சி எல்லாம் துப்பாக்கியால சுட்டு, தோலுரிச்சு, பஞ்சடைச்சு நடந்தது. அந்தக் காலத்தில் அதுதான் முறை. இருந்தாலும் பிற்காலத்தில் சைவ உணவுக்காரரா மாறிய மனுஷன் இவர் என்கிறது யோசிக்க வைக்குது.

மேலிடத்தோட ஒத்துப்போகாம 1879-ல செயலர் பதவி பறிபோச்சு. 1882-ல ஓய்வு. இனி சிம்லா வீட்டில் உட்கார்ந்து நூலை முடிக்க வேண்டியதுதான் பாக்கி. ஒரு தடவை வெளியூர் போயிட்டுத் திரும்பி வந்து பார்த்தா, பல வருஷக் கையெழுத்துப் பிரதிகளைக் காணோம். வீட்டு வேலையாள் அதைப் பழைய பேப்பராக் கடைத்தெருவில் வித்துட்டார். வேற காப்பி கிடையாது. பென் டிரைவ் கரப்ட் ஆகி ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் போனவங்களுக்கு அந்த வலி கொஞ்சமாவது புரியும். இவருக்குப் போனது பாதி ஆயுசு. அந்தப் பெரிய நூல் வரவே இல்ல. ஏற்கனவே பத்திரிகையில் அச்சானது மட்டும் தப்பிச்சது. பூங்கொத்தியின் அறிவியல் பெயருக்குப் பின்னாடி இன்னைக்கும் 'ஹியூம், 1873'னு இருக்க அதுதான் காரணம்.

மனசு விட்டுப்போச்சு. 1885-ல சுமார் 82,000 மாதிரிகளை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துட்டார். அதை எடுத்துப் போக 47 தேவதாரு மரப்பெட்டி தேவைப்பட்டுச்சு. அதே 1885 டிசம்பரில் பம்பாயில் 72 பிரதிநிதிகளோட காங்கிரஸின் முதல் கூட்டம். சேகரிப்பைக் கொடுத்த கையோட அடுத்த வேலை! நம்ம ஜி. சுப்பிரமணிய ஐயர்தான் அங்கே முதல் தீர்மானத்தை முன்மொழிஞ்சவர்.

1894-ல இங்கிலாந்து திரும்பினவர் பறவைப் பக்கம் போகல. செடிகளைச் சேகரிக்க ஆரம்பிச்சார். 1910-ல தெற்கு லண்டனில் ஒரு தாவரவியல் நிறுவனத்தையும் தொடங்கிட்டு, 1912 ஜூலை 31-ல காலமானார். அந்த நிறுவனம் இன்னைக்கும் நடக்குது.