திரும்பி வந்த கைப்பிரதி

தாம் எழுதிய முதல் கவிதையோ சிறுகதையோ பிரசுரமாகவில்லை என்றதும் எழுதுவதையே விட்டுவிடுவோர் பலர். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு பெண்மணியின் வரலாறு இது. 'ஜேன் அயர்' என்ற நாவலால் உலகப் புகழ் பெற்ற ஆங்கில எழுத்தாளர் சார்லட் புரொன்ட்டே, அந்தப் புகழை அடையுமுன் பல பதிப்பகங்களின் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்.

1816 ஏப்ரல் 21 ஆம் திகதி இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பிரதேசத்தில் சார்லட் பிறந்தார். தந்தை ஒரு மதகுரு. ஆறு பிள்ளைகளுள் இவர் மூன்றாமவர். ஐந்து வயதில் தாயை இழந்தார். 1825 இல் விடுதிப் பாடசாலையில் நோயுற்ற மூத்த சகோதரிகள் இருவரும் மரணித்தனர். எஞ்சிய நால்வரும் ஹாவர்த் என்ற கிராமத்து வீட்டில் வளர்ந்தனர். பெரிய வசதி இல்லாவிட்டாலும் அவ்வீட்டில் புத்தகங்களும் பத்திரிகைகளும் இருந்தன. பிள்ளைகள் அவற்றை வாசிப்பதைத் தந்தை தடுக்கவில்லை. தம்பிக்கு அவர் வாங்கி வந்த மரப் போர்வீரர்களை வைத்து நால்வரும் கதை கட்டினர். அக்கதைகளைத் துண்டுக் காகிதங்களில் மிக நுண்ணிய எழுத்தில் எழுதி, தைத்து, தீப்பெட்டி அளவான புத்தகங்களாக்கினர். இவையே சார்லட்டின் எழுத்துப் பயிற்சி.

இருபது வயதில் தமது கவிதைகளை அரசவைக் கவிஞர் ரொபர்ட் சவுதிக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். ஆற்றல் இருப்பதை ஏற்றுக்கொண்ட அவர், இலக்கியம் பெண்ணின் தொழிலாக இருக்க முடியாது என்று 1837 இல் பதில் எழுதினார். அந்தக் கடிதத்தைச் சார்லட் கிழித்தெறியவில்லை, பத்திரப்படுத்தி வைத்தார். எழுதுவதையும் விடவில்லை.

ஆசிரியையாகப் பணியாற்றிய பின், 1842 இல் பிரெஞ்சு கற்கப் பிரசெல்ஸ் நகருக்குச் சென்றார். அங்கு கற்பித்த ஹெஜே என்பவர், சிறந்த எழுத்தாளர்களின் பந்திகளை வாசித்துக்காட்டி, அவை எவ்வாறு அமைந்துள்ளன என்று விளக்கிய பின்னரே மாணவிகளைக் கட்டுரை எழுதச் செய்வார். தேவையற்ற சொற்களைத் தயவின்றி வெட்டுவார். சார்லட்டின் நடை இத்திருத்தங்களால் இறுக்கம் பெற்றது.

1846 இல் சார்லட், எமிலி, ஆன் ஆகிய மூன்று சகோதரிகளும் தமது கவிதைகளைச் சொந்தச் செலவில் வெளியிட்டனர். பெண் என்றால் விமர்சகர்கள் வேறு அளவுகோலால் அளப்பர் என்று அஞ்சி, கரர் பெல், எலிஸ் பெல், அக்டன் பெல் என்ற புனைபெயர்களைச் சூடினர். அச்சகத்துடன் கடிதம் எழுதி, தாளின் அளவையும் எழுத்தின் அளவையும் தெரிவு செய்தவர் சார்லட். செலவு 31 பவுணுக்கும் அதிகம். ஓராண்டில் விற்றவையோ இரண்டே பிரதிகள்!

அதற்குள் மூவரும் ஆளுக்கொரு நாவல் எழுதி முடித்திருந்தனர். இரவு ஒன்பது மணிக்குப் பின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடந்தபடி தம் கதைகளைப் பற்றிப் பேசுவதும், எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக்காட்டுவதும் அவர்களது வழக்கம். தங்கையரின் நாவல்களை ஒரு பதிப்பாளர் ஏற்றார். சார்லட்டின் 'புரொபெசர்' மட்டும் திரும்பித் திரும்பி வந்தது. 1846 ஓகஸ்டில் தந்தையின் கண் சத்திரசிகிச்சைக்காக மான்செஸ்டர் சென்றிருந்தபோது, சிகிச்சை நடந்த அன்றே அந்தக் கைப்பிரதி மீண்டும் திரும்பியது. தந்தை இருட்டறையில் படுத்திருந்த அந்த நாட்களில்தான் சார்லட் 'ஜேன் அயர்' எழுதத் தொடங்கினார். கதாநாயகி அழகியாக இருந்தே தீர வேண்டுமா என்ற கேள்விக்குப் பதிலாக, அழகும் செல்வமும் அற்ற ஒரு சிறிய பெண்ணைப் படைத்தார். விடுதிப் பாடசாலையில் தாம் கண்ட துன்பங்களையும் அதில் எழுதினார்.

1847 இல் 'புரொபெசர்' ஸ்மித் எல்டர் நிறுவனத்தை அடைந்தது. முன்பு நிராகரித்த பதிப்பகங்களின் பெயர்களை வெட்டிவிட்டு, அதே உறையிலேயே அனுப்பியிருந்தார். அவர்களும் மறுத்தனர். ஆனால் நிறைகுறைகளை ஆராய்ந்து இரண்டு பக்கக் கடிதம் எழுதியதோடு, மூன்று பாகங்களில் வேறொரு நாவல் இருந்தால் கவனிப்போம் என்றனர். ஓகஸ்ட் 24 இல் 'ஜேன் அயர்' புகையிரதத்தில் புறப்பட்டது. அந்தச் சிறிய நிலையத்தில் கூலியை முற்கூட்டியே செலுத்த முடியாததால், தொகையை அறிவித்தால் முத்திரையாக அனுப்புவதாகப் பணிவாக எழுதினார். எட்டு வாரங்களுக்குள், ஒக்டோபரில் நூல் வெளிவந்தது. பெரும் வரவேற்பையும் பெற்றது. அதன் பின்னரே தந்தைக்கு விடயம் தெரியும்.

1848, 1849 ஆம் ஆண்டுகளில் தம்பியும் தங்கையர் இருவரும் அடுத்தடுத்து மரணித்தனர். தனித்து நின்ற சார்லட் மேலும் இரு நாவல்களை எழுதி வெளியிட்டார். 1855 மார்ச் 31 இல், 38 வயதில் காலமானார். எல்லோரும் மறுத்த 'புரொபெசர்' 1857 இல் அச்சேறியது.

எழுதத் தொடங்கும் தோழியரே! நிறைய வாசியுங்கள். எழுதியதை நம்பிக்கையான ஒருவருக்கு வாசித்துக்காட்டுங்கள். வெட்டச் சொன்னால் கோபிக்காதீர்கள். சஞ்சிகை கேட்கும் அளவையும் முறையையும் அறிந்து, தெளிவாகப் பிரதி செய்து அனுப்புங்கள். மறுப்புக் கடிதத்தில் காரணம் இருந்தால் அதை ஒரு பாடமாகப் படியுங்கள். ஓர் ஆக்கம் பதிலுக்காகக் காத்திருக்கும்போதே அடுத்ததைத் தொடங்கிவிடுங்கள்.

பெற்றோரே, உங்கள் மகள் ஒரு கொப்பியில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தால், அதைச் சற்று வாசித்துப் பாருங்கள்.