மணலில் எழுதித் தமிழ் கற்ற ஜெர்மானியர்

தேனிக்கு அருகே, முல்லைப் பெரியாற்றங்கரையில் இருக்கிறது வீரபாண்டி. சித்திரை மாதம் அங்கே கௌமாரியம்மன் திருவிழா. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் இருந்தெல்லாம் மக்கள் திரண்டு வந்து தீச்சட்டி எடுப்பார்கள். ஊருக்கு ஊர் மாரியம்மன், எல்லையிலே ஐயனார். தமிழ்நாடு முழுவதும் பழகிய காட்சி இது.

இந்தக் கிராம தேவதைகளைப் பற்றி 300 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு ஜெர்மானியர் புத்தகம் எழுதினார். அவர் கண்டது தேனிச் சீமையை அல்ல, கீழைக் கடற்கரையை. தரங்கம்பாடியில் வாழ்ந்த அவர் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

மாணவர் ஆன பாதிரியார்

1682-ம் ஆண்டு சாக்சனியில் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர் சீகன்பால்கு. சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். அந்தக் காலத்தில் தரங்கம்பாடி டென்மார்க்காரர்களின் வசம் இருந்தது. கிறிஸ்துவ மதப் பிரசாரத்துக்காக டென்மார்க் அரசர் அனுப்பி வைக்க, 1706-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி அவர் அங்கே வந்து சேர்ந்தார்.

தமிழ் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. கிழவரான ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தம் வீட்டுக்கே அழைத்தார். வாத்தியாருடன் பிள்ளைகளும் வந்தார்கள். அவர்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி எழுத்துக்களைக் கற்றார்.

தமிழர்கள் நாகரிகம் இல்லாதவர்கள் என்ற எண்ணத்தோடுதான் அவர் கப்பல் ஏறினார். தமிழ் ஏடுகளைப் படிக்கப் படிக்க அந்த எண்ணம் மறைந்தது.

ஏடு தேடிய கதை

பல நாள் நடை தூரத்தில் உள்ள ஊர்களுக்கு ஆட்களை அனுப்பி, விதவைகளிடமிருந்து ஏடுகளை விலைக்கு வாங்கினார். 1708-ல் 119 தமிழ் நூல்களுக்கு விவரப் பட்டியல் எழுதினார். அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

அந்த ஆண்டின் கடைசியில் டேனிஷ் தளபதியின் கோபத்துக்கு ஆளாகி, சுமார் நான்கு மாதம் சிறையில் கிடந்தார். வெளியே வந்ததும் பழையபடி வேலையைத் தொடர்ந்தார். சுமார் 40,000 சொற்கள் கொண்ட அகராதி ஒன்றைத் தொகுத்தார். பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, தரங்கம்பாடியிலேயே அச்சிட்டு வெளியிட்டார். 1716-ல் அவருடைய தமிழ் இலக்கண நூல் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சாயிற்று.

154 ஆண்டு உறங்கிய புத்தகம்

ஏடுகள் மட்டும் போதாது என்று கருதிய சீகன்பால்கு, கல்யாணம், சடங்கு, பூஜை, பண்டிகை பற்றித் தமிழர்களிடமே கேள்விகள் கேட்டுக் கடிதம் எழுதினார். பதில்கள் குவிந்தன. அவர்கள் தந்த விவரங்களைக் கொண்டு 1713-ல் தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாற்றை எழுதி முடித்தார். சிவன், திருமால் மட்டும் அல்ல. ஐயனார், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி எல்லோரும் அதில் இடம் பெற்றார்கள்.

கையெழுத்துப் பிரதி ஹாலேக்குப் போயிற்று. அங்கே பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அந்த மதத்தை ஒழிக்கப் போனவர் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்கள் வாதம். நூல் அச்சேறவில்லை.

அந்த மதத்தை சீகன்பால்குவும் ஏற்றுக்கொண்டவர் அல்ல. தம் மதத்துக்கு ஆள் சேர்க்கவே வந்தவர் அவர். ஆனாலும் பிறர் நம்பிக்கையைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று நினைத்தார். மேலிடத்துக்குப் பிடிக்காதது அதுதான்.

1719-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி சீகன்பால்கு காலமானார். அப்போது வயது 36. தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். புத்தகம் அச்சானதை அவர் பார்க்கவில்லை.

1867-ல்தான் ஜெர்மன் என்ற பெயருடைய ஒரு ஜெர்மானியப் பாதிரியார் அதைச் சென்னையில் அச்சிட்டார். எழுதி முடித்து 154 ஆண்டுகள் ஆகியிருந்தன! இரண்டே ஆண்டுகளில் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது.

அன்று எல்லைச் சாமிகளையும் ஊர்ச் சடங்குகளையும் எழுதி வைக்கத் தகுந்தவை என்று படித்தவர்களே கருதவில்லை. அவற்றை மதித்துக் கேட்டவர் ஓர் அந்நியர். பதில் சொன்ன தமிழர்களில் பலருடைய பெயர்கூட இன்று தெரியாது. அவர்கள் சொன்ன சேதி மட்டும் அழியாமல் நிற்கிறது.