மரபணு நகல்களின் பயனை முன்னுணர்ந்த ஹால்டேன்: இந்தியராக மறைந்த அறிஞர்

ஆக்ஸ்போர்டில் பிறந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, புவனேஸ்வரத்தில் உயிர்நீத்தவர் மரபியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் (1892–1964). புதிய மரபணுக்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பது குறித்து 1930-களில் அவர் முன்வைத்த கருத்து, தலசீமியா, அரிவாள் செல் சோகை ஆகிய நோய்களைப் புரிந்துகொள்ள இன்று துணைபுரிகிறது.

உடலியங்கியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேனின் மகனான அவர், ஆக்ஸ்போர்டில் பயின்றவை கணிதமும் செவ்வியல் இலக்கியமுமே. அறிவியலில் அவர் பட்டம் பெறவில்லை. எனினும் ஆர்.ஏ. ஃபிஷர், சீவால் ரைட் ஆகியோருக்கு இணையாக, பரிணாமத்தைக் கணித வழியில் ஆராயும் துறைக்கு அடித்தளமிட்டார்.

இரண்டாம் நகல்

இன்றியமையாத மரபணு ஒன்றில் ஏற்படும் மாற்றம் பெரும்பாலும் கேடாகவே முடியும். ஆனால், அதே மரபணுவுக்கு மற்றொரு நகல் இருந்தால், ஒன்று பழைய பணியைத் தொடர, மற்றொன்று தீங்கின்றி மாறலாம் என்று 1933-இல் ஹால்டேன் சுட்டிக்காட்டினார். 1970-இல் சுசுமு ஓனோ இக்கருத்தைத் தனி நூலாக விரித்துரைத்தார்.

நகல்கள் உருவாக்கும் புரதம் மட்டுமன்றி, அவை செயல்படும் காலமும் உறுப்பும் அளவும்கூட மாறுகின்றன என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஹீமோகுளோபின் இதற்குத் தெளிவான சான்று. ஒரே மூதாதை மரபணுவிலிருந்து தோன்றியவை காமா, பீட்டா குளோபின் மரபணுக்கள். கருவில் செயல்படும் காமா, தாயின் இரத்தத்திலிருந்து ஆக்சிஜனைப் பெறக் குழந்தைக்கு உதவுகிறது. பிறந்த சில மாதங்களில் அது பெரும்பாலும் ஓய்ந்துவிட, பீட்டா பொறுப்பேற்கிறது.

பீட்டா பழுதடைந்த குழந்தைக்குப் பிறந்தவுடன் நோய் தெரியாமல், சில மாதங்கள் கழித்து வெளிப்படுவது இதனால்தான். ஓய்ந்த காமாவை மீண்டும் செயல்பட வைப்பதே சில சிகிச்சைகளின் அடிப்படை. அரிவாள் செல் நோயாளிகளுக்குத் தரப்படும் ஹைட்ராக்ஸியூரியாவும், 2023-இல் பிரிட்டன் ஒப்புதல் அளித்த மரபணுத் திருத்தச் சிகிச்சையும் இவ்வகையின.

தலசீமியா மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் கொண்டவர்களுக்கு மலேரியாவை எதிர்க்கும் ஆற்றல் இருக்கக்கூடும் என்று 1949-இல் கருதியவரும் ஹால்டேனே.

இந்தியாவில் இறுதி ஆண்டுகள்

பி.சி. மகலனோபிஸின் அழைப்பை ஏற்று, 1957-இல் கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஹால்டேன் இணைந்தார். 1961-இல் இந்தியக் குடிமகனானார். பின்னர் அந்நிறுவனத்திலிருந்து விலகி, ஒடிசா அரசின் ஆதரவுடன் புவனேஸ்வரத்தில் ஆய்வகம் அமைத்தார். விலையுயர்ந்த கருவிகளுக்காகக் காத்திராமல், பூவிதழ்களை எண்ணியும் பறவைகளைக் கூர்ந்து நோக்கியும் ஆராயுமாறு இளம் ஆய்வாளர்களை ஊக்குவித்தார்.

புற்றுநோயால் 1964 டிசம்பர் 1 அன்று அவர் காலமானார். அவரது விருப்பப்படி, உடல் மருத்துவ மாணவர்களின் கல்விக்காகக் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது.