பொருட்காட்சியில் பிழைத்த பிள்ளைகள்

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, தொழிற்சாலை அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மூன்று வருடங்களாக என் மனதில் இருப்பவர் வேறு ஒருவர். என் மகள் 27-வது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 910 கிராம். 61 நாள் இன்குபேட்டருக்கு வெளியே நின்றேன். மெக்கானிக்கல் படித்த புத்தி சும்மா இருக்குமா? இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று தேடினேன். அப்போது அகப்பட்டவர் மார்ட்டின் கூனி. பெயரைக் கேட்டதும் ராமாயணக் கூனி ஞாபகம் வரும். அவள் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்தாள். இவர் பிள்ளையைத் தாயிடம் திருப்பிக் கொடுத்தார்!

இன்குபேட்டரைக் கண்டுபிடித்தவர் இவரல்ல. 1880 வாக்கில் பாரிஸில் தார்னியே என்ற பிரசவ மருத்துவர், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு, அதே முறையில் குழந்தைகளுக்கும் ஒன்று செய்யச் சொன்னார். குறைமாதக் குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு இருக்காது. உடம்புச் சூடு நிற்காது. அந்தச் சூட்டை வெளியிலிருந்து கொடுத்தால் பிழைக்க வழி உண்டு என்பதுதான் யோசனை. பிறகு நீஸ் நகரத்து லியோன் என்பவர், வெந்நீர்க் குழாய், தெர்மோஸ்டாட், வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே இழுக்கும் அமைப்பு எல்லாம் வைத்து நல்ல பெட்டியாகவே செய்துவிட்டார்.

ஆனால் விலை அதிகம். பராமரிக்கும் செலவு அதைவிட அதிகம். அமெரிக்க மருத்துவமனைகள் பல அந்தப் பக்கமே திரும்பவில்லை. குறைமாதக் குழந்தை பிழைக்காது என்று விட்டுவிடுவதே அன்று வழக்கம்.

இங்கேதான் கூனி வருகிறார். 1869-ல் அன்றைய பிரஷ்யாவில் (இன்று போலந்து) பிறந்தவர். 1897-ல் லண்டன் கண்காட்சியிலும், 1898-ல் அமெரிக்காவின் ஒமாஹாவிலும் இன்குபேட்டர்களைக் குழந்தைகளோடு காட்சிக்கு வைத்தார். 1903 முதல் நியூயார்க்கின் கோனி தீவில் நிரந்தரமாகக் கடை விரித்தார். பக்கத்தில் ராட்டினம், இந்தப் பக்கம் வித்தைக்காரர்கள், நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் பிஞ்சுக் குழந்தைகள். டிக்கெட் 25 சென்ட். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் பெற்றோரிடம் அவர் ஒரு காசுகூட வாங்கவில்லை. செலவு முழுவதும் டிக்கெட் பணத்தில்தான் நடந்தது. ஏழை, பணக்காரர், வெள்ளையர், கறுப்பர் என்று பாராமல் எல்லாக் குழந்தைகளையும் ஏற்றுக்கொண்டார்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். டாக்டர் கூனி என்றுதான் எல்லோரும் அவரை அழைத்தார்கள். ஆனால் அவர் மருத்துவம் படித்ததற்கான ஆதாரம் எதுவும் பிற்கால ஆய்வாளர்களுக்குக் கிடைக்கவில்லை. 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தன் தொழில் அறுவைக் கருவிகள் என்றே பதிந்திருக்கிறார். இல்லாத பட்டத்தைப் போட்டுக்கொண்டது தப்புதான். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனால் வேலையில் அவர் காட்டிய கறார் சாதாரணமானதல்ல. தேர்ந்த நர்ஸுகளையும் பால் கொடுக்கும் தாய்மாரையும் சம்பளத்துக்கு வைத்திருந்தார். அந்தத் தாய்மார் கண்ட கண்ட தின்பண்டத்தைச் சாப்பிடுவது தெரிந்தால் வேலை போச்சு! கூடத்தில் ஒரு தூசி இருக்கக்கூடாது. 1911-ல் கோனி தீவின் ட்ரீம்லேண்ட் பூங்கா தீயில் கருகியபோதும், அங்கிருந்த குழந்தைகள் எல்லோரையும் பத்திரமாக வெளியே கொண்டுவந்துவிட்டார்கள்.

நம்மைப் போன்ற இன்ஜினியர்கள் கவனிக்க வேண்டிய இடம் 1904. செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் இன்குபேட்டர் காட்சியை நடத்தும் உரிமை வேறொருவர் கைக்குப் போனது. கண்ணாடிப் பெட்டி அங்கேயும் இருந்தது. ஆனால் சுத்தமும் பால் ஊட்டும் முறையும் சரியில்லை. வயிற்றுப்போக்கு பரவிப் பல குழந்தைகள் இறந்தார்கள். பிறகு ஜான் ஸஹோர்ஸ்கி என்ற மருத்துவர் பொறுப்பேற்று அந்த இரண்டையும் சரிசெய்தார்; மரணங்கள் குறைந்தன. பெட்டி தானாக யாரையும் பிழைக்க வைக்காது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இதைப் படித்தபோது எனக்குச் சுரீர் என்றது. அந்த 61 நாளும் நான் மானிட்டரில் ஓடும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் எண்கள் எல்லாம் சரியாக இருக்கும்போதே, குழந்தை நிறம் மாறுகிறது என்று ஓடி வந்தவர் நர்ஸம்மாதான். உள்ளே கைவிடும் ஒவ்வொரு முறையும் அவர் முழங்கை வரை கழுவுவார்.

இன்று சர்ஃபாக்டன்ட் மருந்தும் வென்டிலேட்டரும் வந்து, சில மருத்துவமனைகளில் 22, 23 வாரக் குழந்தைகள்கூடப் பிழைக்கிறார்கள். கூனியிடம் இருந்தவை சூடு, சுத்தமான காற்று, தாய்ப்பால், கவனமான கைகள், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே, ஏறக்குறைய 40 வருடங்களில் வந்த சுமார் 8,000 குழந்தைகளில் 6,500 பேரைக் காப்பாற்றியதாகக் கணக்கு. சிகாகோவின் ஜூலியஸ் ஹெஸ் போன்ற பெரிய மருத்துவர்களே அவரிடமிருந்து கற்றார்கள். மருத்துவமனைகள் மெல்ல இந்த வேலையை எடுத்துக்கொண்டதும், 1943-ல் கோனி தீவுக் காட்சியை மூடிவிட்டார். 1950-ல் காலமானபோது கையில் பணம் எதுவும் மிச்சமில்லை.

கடைசியாக ஒன்று. 1933 சிகாகோ கண்காட்சியில் அவர் பராமரித்து அனுப்பிய 58 குழந்தைகளில் 41 பேர், 1934 ஜூலையில் தாய்மாரோடு அதே இடத்துக்குத் திரும்பி வந்தார்கள். பாருங்களேன், அவர்களும் பழைய மாணவர் சந்திப்பு நடத்தியிருக்கிறார்கள்!

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, இந்தக் கல்லூரி தரும் பட்டம் உண்மையானது. கூனியிடம் இல்லாதது அது. அவரிடம் இருந்த கவனத்தை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சந்திப்புக்கு என் மகளையும் அழைத்து வருகிறேன். டிபன் வரிசையில் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.