ஜான் லெய்டன்

பேசின் பிரிட்ஜுக்குத் தெற்கே, சென்ட்ரல் நிலையத்திற்கு எதிரில் உள்ள அரசுப் பொது மருத்துவமனையை நீங்கள் அறிவீர்கள். 1803ஆம் ஆண்டில் அம்மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றவர் ஓர் இளங்கவிஞர். அவரே ஜான் லெய்டன்.

ஸ்காத்லாந்து நாட்டுச் சிற்றூராகிய டென்ஹோமில், ஆடு மேய்ப்பவர் ஒருவரின் மகனாக 1775இல் அவர் பிறந்தார். பாட்டியாரிடம் எழுத்தறிந்து, எடின்பரோப் பல்கலைக்கழகம் வரை சென்றார். நாட்டுப்பாடல்களைத் தொகுத்த வால்டர் ஸ்காத்துக்கு உற்ற துணையானார். குறையாய்க் கிடைத்த ஒரு பாடலின் எஞ்சிய அடிகளுக்காக நாற்பது மைலுக்கு மேல் நடந்து சென்று திரும்பினாராம்!

கீழ்நாட்டு மொழிகளைக் கற்க அவர் பெரிதும் விழைந்தார். ஆயினும், இந்தியாவில் மருத்துவர் பணி ஒன்றே அவருக்குக் கிடைப்பதாயிற்று. சில திங்களிலேயே மருத்துவம் பயின்று தேறிக் கப்பலேறினார். அவரிடம் வந்த நோயாளர் பாடு எவ்வாறிருந்ததோ!

பின்னர், மெக்கன்சியார் நடத்திய மைசூர் நில அளவையில் இயற்கைப் பொருள்களை ஆராயும் பணி பெற்றார். காய்ச்சல் அவர் உடலை உருக்கியது. மலையாளக் கரையில் நோயுற்றிருந்தபோது, இந்தியப் பொற்காசு ஒன்றை விளித்து ஒரு பாடல் இயற்றினார். பொன்னை நாடித் தாயகத்தையும் உற்றாரையும் உடல்நலத்தையும் இழந்த துயரம் அதில் ததும்புகிறது. அவர் புகழுக்கு அப்பாடல் ஒன்றே போதும் என்பேன்.

நோய் தணியுமுன்னரே பினாங்கு சென்று மலாய் மொழியில் ஆழ்ந்தார். 1806இல் கல்கத்தா சேர்ந்தார். 1811இல் மிண்டோ பிரபுவுடன் சாவகம் சென்றார். படேவியாவில், நெடுநாள் பூட்டிக் கிடந்த நூல்நிலையம் ஒன்றில் ஏட்டுச்சுவடிகளைத் தேடி, காற்றோட்டம் உண்டாகும்வரை பொறாமல் நுழைந்தார். வெளிவந்தவரைக் குளிர்காய்ச்சல் பற்றியது. மூன்றாம் நாள், ஆகஸ்டு 28இல், முப்பத்தைந்து வயதிலேயே உயிர் நீத்தார். அவர் தொடங்கிய பாபர் வரலாற்று மொழிபெயர்ப்பை எர்ஸ்கின் என்பவர் நிறைவு செய்து, 1826இல் வெளியிட்டார்.