உயிர் காத்த கண்ணாடித் துண்டு!

1913-ம் ஆண்டு. நியூயார்க் துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. ஓர் இளம் தம்பதி இறங்கினார்கள். கையில் இருந்த பணம் சுமார் 250 டாலர். ஆங்கிலமும் சரியாகத் தெரியாது.

கணவர் பெயர் ஜார்ஜ் பாப்பனிக்கோலா. மனைவி பெயர் மேரி.

ஜார்ஜ் 1883-ல் கிரேக்க நாட்டில் பிறந்தவர். தந்தை டாக்டர். மகனும் டாக்டருக்குப் படித்தார். ஆனால் வைத்தியம் பார்த்துப் பணம் சேர்க்க அவருக்கு விருப்பம் இல்லை. ஆராய்ச்சியில்தான் ஆசை!

கம்பளம் விற்றார்

புதிய ஊரில் வயிறு வளர்க்க வேண்டுமே! டாக்டர் கடையில் கம்பளம் விற்றார். ஓட்டல்களில் பிடில் வாசித்தார். மேரி துணிகளுக்குப் பொத்தான் தைத்தார்.

1914-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஜார்ஜுக்கு வேலை கிடைத்தது. மேரியும் அங்கேயே அவருக்கு உதவியாளர் ஆனார்.

கினிப் பன்றி என்னும் சிறு பிராணிகளை ஜார்ஜ் ஆராய்ந்தார். அவற்றின் பிறப்புறுப்பில் உதிரும் உயிரணுக்களை எடுத்தார். கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உடலின் உள்ளே நடக்கும் மாறுதல்கள் அதில் தெரிந்தன!

பெண்களிடமும் இப்படித் தெரியுமா? மேரி தம்மையே சோதனைக்குக் கொடுத்தார். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. சுமார் இருபது ஆண்டுகள்!

பிறகு நோயாளிப் பெண்களையும் சோதித்தார். கருப்பை வாயில் புற்றுநோய் வந்தவர்களின் உயிரணுக்கள் வடிவம் கெட்டு, கரு பெருத்து இருந்தன.

யாரும் நம்பவில்லை

1928-ல் இதை ஒரு மாநாட்டில் சொன்னார். டாக்டர்கள் அக்கறை காட்டவில்லை. சதையை வெட்டிச் சோதிக்கும் முறை இருக்கும்போது இது எதற்கு என்று எண்ணினார்கள்.

ஜார்ஜ் மனம் தளரவில்லை. 1939-ல் டாக்டர் டிரவுட் என்பவருடன் சேர்ந்து மீண்டும் தொடங்கினார். மருத்துவமனைக்கு வந்த பெண்களைச் சோதித்தார்கள். கண்ணுக்குப் புலப்படாத புற்றுநோய் பலரிடம் அகப்பட்டது! 1941-லும் 1943-லும் முடிவுகள் அச்சில் வந்தன. மருத்துவ உலகம் விழித்துக்கொண்டது.

இந்த நோய் திடீரென்று வருவது இல்லை. உயிரணுக்கள் மாறத் தொடங்கிப் புற்றாக முற்றப் பல ஆண்டுகள் ஆகும். மாறுதல் எந்த அளவில் இருக்கிறது என்று தெரிந்தால், அடுத்து என்ன செய்வது என்பதை டாக்டர் முடிவு செய்யலாம். தொடக்கத்திலேயே நீக்கிவிட்டால் நோயே வராமல் தடுக்கலாம்.

அமெரிக்காவில் இந்த நோயால் இறக்கும் பெண்களின் தொகை பாதிக்கும் கீழே குறைந்தது. அதில் பெரும் பங்கு இந்தச் சோதனைக்கு உண்டு.

1962-ல் ஜார்ஜ் காலமானார். அவருடைய பெயரைச் சுருக்கி, 'பாப்' சோதனை என்றே உலகம் அழைக்கிறது. இன்று இந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. புதிய சோதனைகளும் வந்துவிட்டன. ஆனாலும் அவர் காட்டிய வழி மாறவில்லை: வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது.

அந்தக் கண்ணாடித் துண்டுகளுக்குப் பின்னால் ஒரு மனைவியின் பொறுமையும் இருந்தது. நம் வீட்டுப் பெண்களின் உடல் நலத்தை நினைக்கும்போது மேரியையும் நினைப்போம்!